மதுரை எரியும் காண்டம்: ‘காட்ஸ்கிரேவ்’ வாசிப்பவர்களுக்கு

பழிவாங்கும் கதை மூன்று பகுதியாக வந்தால் நடுப் பகுதிதான் எழுத்தாளரைச் சோதிக்கும். முதலாவதில் அநியாயம் நடக்கிறது, சபதம் எடுக்கப்படுகிறது. மூன்றாவதில் கணக்கு முடிகிறது. நடுவில் வருவதைப் பல பேர் வெறும் பயணமாக எழுதி, பக்கத்தை நிரப்பிவிட்டுப் போய்விடுவார்கள். நமக்கு இந்த விடயத்தில் பழக்கமான அளவுகோல் ஒன்று இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் புகார், வஞ்சி இரண்டுக்கும் நடுவில் நிற்பது மதுரைக் காண்டம். சிலம்பு உடைவதும் அரசன் விழுவதும் ஊர் எரிவதும் அங்கேதான். கோவலன் கூத்தை விடிய விடியக் களரியில் பார்த்து வளர்ந்த முல்லைத்தீவுப் பக்கத்துச் சனத்துக்கு, பழிக்கதையின் நடுப் பகுதி எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்று சொல்லித் தரத் தேவையில்லை.

ஜே கிறிஸ்டோஃப் எழுதிய ‘காட்ஸ்கிரேவ்’ என்ற ஆங்கில நாவல் அந்தச் சூட்டைத் தாங்குகிறது. 2016இல் வந்த ‘நெவர்நைட்’ முதல் புத்தகம், 2017இல் வந்த இது இரண்டாவது, 2019இல் வந்த ‘டார்க்டான்’ மூன்றாவது. ஆசிரியர் அவுஸ்திரேலியர். இருண்ட மிகைபுனைவு வாசிக்கும் எவருக்கும், முதல் புத்தகம் ஓரளவுதான் பிடித்தது என்றவர்களுக்கும்கூட, இதைத் துணிந்து கொடுக்கலாம். மூன்றிலும் கட்டமைப்பு இறுக்கமானது இதுதான் என்பது என் கணிப்பு.

முதல் புத்தகத்தை வாசிக்காமல் இதை எடுக்க வேண்டாம். முன்பக்கத்தில் யார் யார் என்று ஒரு பாத்திர அறிமுகம் இருக்கிறது. அது முதல் புத்தகத்தை வாசித்து ஒரு வருடம் ஆனவருக்கு நினைவூட்டும், வாசிக்காதவருக்கு உதவாது. ஏனென்றால் இங்கே வரும் ஒரு முக்கியமான உறவின் கசப்பு முழுக்க முதல் புத்தகத்தின் கடைசிப் பகுதியில் நடந்த ஒரு துரோகத்தில் நிற்கிறது. அது தெரியாமல் ஆஷ்லின் என்ற பெயரைச் சந்தித்தால் அவள் இன்னொரு துணைப் பாத்திரமாகத் தெரிவாள். தெரிந்து சந்தித்தால், அவள் பேசும் ஒவ்வொரு வரியிலும் கை கத்தியைத் தேடும்.

(இதற்கு மேல் முதல் புத்தகத்தின் முடிவு கொஞ்சம் வெளிப்படும். இரண்டாவதின் கடைசி மூன்றிலொரு பங்கைத் தொடப் போவதில்லை.)

களம் இதுதான். இட்ரேயக் குடியரசின் வானத்தில் மூன்று சூரியன். மூன்றும் ஒன்றாக மறைவது இரண்டரை வருடத்துக்கு ஒரு தடவை மட்டும்; அதுதான் அந்த நாட்டின் உண்மையான இருட்டு. மற்ற இரவெல்லாம் வெளிச்சமான இரவு, இரவே வராத இரவு. தொடரின் முதல் புத்தகத்துக்குப் பெயர் அங்கிருந்துதான் வந்தது. மியா கொர்வேர் சிறுமியாக இருந்தபோது தகப்பனைக் கிளர்ச்சிக் குற்றம் சாட்டித் தூக்கில் போட்டார்கள், குடும்பம் சிதறியது. அதற்குப் பொறுப்பான மூன்று பேர்: குடியரசை ஆளும் கன்சல் ஸ்கேவா, மதத்தலைவரான கார்டினல் டுவோமோ, படைத்தலைவன் ரீமஸ். மியா ஒரு கொலைஞர் சபையில் தொழில் பழகினாள். முதல் புத்தக முடிவில் ரீமஸின் கணக்குத் தீர்ந்தது. மிச்சம் இரண்டு பேர்.

இரண்டாவது புத்தகம் தொடங்கும்போது அவள் சபையின் கூலிக் கொலைஞர். குடியரசின் ஒரு மூலையில் சொன்ன ஆளைச் சொன்னபடி முடித்துக்கொண்டிருக்கிறாள். ஸ்கேவாவுக்கு ஓரடிகூட நெருங்கவில்லை. பழைய எதிரி ஒருவரைச் சந்தித்த பிறகு, தன்னை வளர்த்த சபையே நேர்மையானதா என்ற சந்தேகமும் வந்துவிடுகிறது. அப்போதுதான் ஒரு அறிவிப்பு: தலைநகரில் நடக்கும் மாபெரும் களப்போட்டியின் முடிவில் கன்சலும் கார்டினலும் சனத்துக்கு முன்னால் தோன்றுவார்கள். வென்ற அடிமைக்கு விடுதலை கொடுக்க, கையெட்டும் தூரத்தில் நிற்பார்கள். ஆகவே மியா சபையை மீறி, தன்னைத்தானே அடிமையாக விற்றுக் களத்தில் இறங்குகிறாள்.

இந்தத் திட்டத்தை ஒரு தொழிலாளியின் கண்ணோடு பார்த்தால் புத்தகத்தின் பலம் புரியும். முதல் புத்தகத்தில் மியாவின் கையில் இருந்த கருவி மூன்று: நிழலை வளைக்கும் ஆற்றல், பயத்தைத் தின்னும் நிழல் பூனை, நஞ்சும் பதுங்கலும் கற்ற கைகள். ஆசிரியர் மூன்றையும் ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறார். போட்டி நடப்பது மூன்று சூரியனும் சேர்ந்து எரியும் காலத்தில். அவளுடைய நிழலாற்றல் மிக மெலிந்திருக்கும் நேரம் அது. கொஞ்சம் நிழலைத் தொட்டாலும் ஆயிரக்கணக்கான கண் பார்த்துக்கொண்டிருக்கும், பிடிபட்டால் கதை முடிந்தது. நஞ்சுக்கும் பதுங்கலுக்கும் திறந்த மணலில் வேலை இல்லை. துணையான மிஸ்டர் கைண்ட்லி என்ற பூனையும் எக்லிப்ஸ் என்ற நிழல் ஓநாயும் விலகியிருக்கும் நேரங்களில், இதுவரை அவளுக்குப் பழக்கமில்லாத பயம் முழுப் பாரத்தோடு வந்து உட்காருகிறது. மிகைபுனைவுத் தொடர்களில் இரண்டாவது புத்தகம் கெட்டுப்போவதற்கு முதல் காரணம், நாயகருக்கு இன்னும் இன்னும் ஆற்றலைக் கொடுத்துக்கொண்டே போவது. இங்கே அது தலைகீழாக நடக்கிறது. அதனால்தான் ஒவ்வொரு சண்டையிலும் முடிவு என்ன ஆகும் என்ற பதற்றம் உண்மையானதாக இருக்கிறது.

திட்டம் சந்தையிலேயே பிசகுவதும் நல்ல கைவேலை. மியா குறிவைத்தது, களச் சண்டைக்கு அடிமைகளைப் பழக்கும் லியோனிடிஸ் என்ற பெரிய எசமானின் கூடத்தை. ஏலத்தில் அவரை முந்தி அவளை வாங்குவது அவருடைய சொந்த மகள் லியோனா. தகப்பனோடு போட்டி போட்டுக் கூடம் நடத்தும், கடனில் மூச்சுத் திணறும் பெண். அவள் மியா கொன்ற ரீமஸின் விதவை. கூடம் நடப்பது மியா பிறந்து வளர்ந்த பழைய வீட்டில். அப்பாவின் மாளிகையின் நிலவறைக் கூண்டில் மகள் அடிமையாகப் படுத்திருக்கிறாள். இதைத் தற்செயல் மிஞ்சிய ஏற்பாடு என்று குறை சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தற்செயலிலிருந்து ஆசிரியர் எடுக்கும் பலன் அதன் விலையை ஈடு செய்கிறது.

இனி, வாசிப்பவர்கள் வழுக்கி விழும் இடம். தொடக்க அத்தியாயங்கள் இரண்டு காலத்தில் மாறி மாறி ஓடுகின்றன. ஒரு அத்தியாயத்தில் மியா அடிமைச் சந்தையில் நிற்கிறாள். அடுத்ததில் அதற்கு முன்பு, எப்படி அங்கே வந்து சேர்ந்தாள் என்ற கதை. பாதியில் வைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் கழித்து எடுத்தால் எந்தக் காலத்தில் நிற்கிறோம் என்று பிடிபடாது. இந்தத் தொடரைப் பாதியில் விட்டவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் விட்டிருப்பார்கள். இதற்கு வழி இரண்டு. ஒன்று, முதல் ஆறு ஏழு அத்தியாயத்தை ஒரே இருப்பில், அல்லது அடுத்தடுத்த நாளில் வாசித்துவிடுவது. ஒரு போயா விடுமுறை நாள் போதும். மற்றது, ஒரு ஒற்றையை இரண்டாக மடித்து ஒரு பக்கம் ‘கூடம்’, மறுபக்கம் ‘சபை’ என்று எழுதி, அத்தியாய எண்ணையும் அதில் வந்த புதுப் பெயரையும் குறித்துக்கொண்டு போவது. அத்தியாயங்களைக் கால வரிசைப்படி மாற்றி வாசிக்க மட்டும் முயல வேண்டாம். “ஏன் இவள் தன்னை விற்றாள்?” என்ற கேள்வியைத் தொங்கவிட்டுத்தான் அந்தப் பகுதி முழுக்க இழுக்கப்படுகிறது, வரிசையை மாற்றினால் அந்தக் கயிறு அறுந்துவிடும். இரண்டு காலமும் ஒன்றில் வந்து சேர்ந்த பிறகு கதை ஒரே நேர்கோட்டில் ஓடுகிறது, அதன் பிறகு புத்தகத்தைக் கீழே வைப்பதுதான் கஷ்டம்.

இரண்டாவது தடை சொற்கள். பண்டைய ரோமாபுரியையும் பழைய வெனிஸ் நகரத்தையும் கலந்து செய்த உலகம் என்பதால் இலத்தீன் சாயலில் ஒரு குவியல் பெயர் வருகிறது. அகராதியில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், பாதி ஆசிரியரே உண்டாக்கியவை. சில சொல் பிடிபட்டால் போதும். கிளாடியாட்டி என்றால் களத்தில் சண்டை போடும் அடிமைகள். அவர்களை வைத்திருக்கும் கூடம் கொலிஜியம், கூடத்தின் எசமான் சங்குயிலா, பயிற்சி கொடுப்பவர் எக்செகியூட்டஸ். வெனாட்டஸ் என்பது களப்போட்டி. அதில் எல்லாவற்றிலும் பெரியது வெனாட்டஸ் மாக்னி. எக்குயிலாய் என்றால் தேரில் போட்டியிடும் சோடி, ஒருவர் ஓட்ட மற்றவர் அம்பெய்வார். கொலைஞர் சபையில் கொல்பவர்கள் பிளேட், உதவி செய்பவர்கள் ஹாண்ட். நிழலோடு பிறந்தவர்கள் டார்க்கின். அடிமைகளின் கன்னத்தில் இருக்கும் குறியையும் தெரிந்து வைத்திருங்கள்: ஒரு வட்டம் சாதாரண வேலையாட்களுக்கு, பின்னிய இரண்டு வட்டம் சண்டை தெரிந்தவர்களுக்கு, மூன்று வட்டம் படித்தவர்களுக்கு. கதையில் யாரேனும் புதிதாக வந்து அவருடைய கன்னம் வர்ணிக்கப்பட்டால், அவருடைய பாதி வாழ்க்கை அந்த வரியிலேயே சொல்லப்பட்டுவிட்டது.

அடுத்தது அடிக்குறிப்பு. இந்தத் தொடரைச் சொல்பவர் கதைக்குள்ளேயே இருக்கும் ஒரு பதிவாளர். வாசகரை நேரே விளித்து, பக்கத்தின் அடியில் அந்த உலகத்தின் வரலாறு, சட்டம், மதம், ஊர்க்கதை எல்லாவற்றையும் குறிப்பாகப் போட்டுக்கொண்டே போவார். சில குறிப்பு ஒரு வரி, சிலது பக்கத்தின் அரைவாசியை விழுங்கும். முதல் புத்தகத்தில் இவை அளவு மீறி, சண்டைக்கு நடுவில்கூட வந்து குறுக்கே நிற்கும். இரண்டாவதில் நன்றாகக் குறைந்திருக்கின்றன, வரும் இடமும் பொருத்தமானது. முதலாவதில் இதனாலேயே அலுத்துப்போனவர்கள் பயப்படாமல் எடுக்கலாம்.

ஆனால் எந்த வடிவத்தில் வாசிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இந்தக் குறிப்புகள் உதவியாகவும் இருக்கும், தொல்லையாகவும் இருக்கும். அச்சுப் புத்தகத்தில் கண்ணைக் கீழே இறக்கினால் போதும். போனில் மின்னூலாக வாசித்தால் சிறிய எண்ணைத் தட்ட வேண்டும். நல்ல செயலியில் குறிப்பு சின்னப் பெட்டியாக மேலே திறக்கும், சில செயலியில் அத்தியாய முடிவுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடும், திரும்பி வரும் வழியைத் தேட வேண்டும். ஆகவே வாங்குவதற்கு முன் மாதிரிப் பகுதியை இறக்கி ஒரு குறிப்பைத் தட்டிப் பாருங்கள். எல்லாவற்றிலும் மோசமானது கைமாறி கைமாறி வரும் திருட்டுப் பிடிஎஃப். அதில் அடிக்குறிப்பு கதையின் வரிகளுக்கு நடுவில் புகுந்து, யார் பேசுவது என்றே விளங்காமல் போகும். எழுதியவருக்குக் காசு போய்ச் சேராதது ஒரு அநியாயம்; புத்தகமே குலைந்து வருவது மற்றது. காதால் கேட்க விரும்புகிறவர்களுக்கு ஹோல்டர் கிரஹாம் வாசித்த ஒலிப்புத்தகம் இருக்கிறது. பெயர்களின் உச்சரிப்பைப் பிடிக்க அது நல்ல துணை.

களச் சண்டைகளுக்கு வருவோம். இவற்றைத்தான் நிதானமாகப் பேச வேண்டும்.

சண்டைக் காட்சி எழுதுகிற பலர் ஒரே தவறைச் செய்கிறார்கள்: வாள் வீசினான், தடுத்தான், இரத்தம் தெறித்தது. பத்தாவது சண்டையும் முதலாவது போலவே இருக்கும். கிறிஸ்டோஃப் ஒவ்வொரு போட்டியையும் ஒரு கணக்காகக் கட்டுகிறார். இன்றைக்குக் களத்தின் அமைப்பு என்ன, யார் யாரோடு சோடி சேர வேண்டும், எந்த ஆயுதம் கிடைக்கிறது, பார்த்துக்கொண்டிருக்கும் சனம் எதற்குக் கத்தும், வென்றால் கூடத்துக்கு என்ன கிடைக்கும், தோற்றால் யாரை விற்பார்கள். மணலைக் கிழித்துக்கொண்டு வரும் பெரும் புழு ஒன்றோடு நடக்கும் போட்டியில், தனித்தனியே வீரம் காட்டியவர்கள் தனித்தனியே சாகிறார்கள். சேர்ந்து நின்றவர்கள் மூச்சோடு மிஞ்சுகிறார்கள். இந்தப் பாடத்தைக் கதை பிற்பாடு எப்படித் திருப்பி அடிக்கிறது என்பதுதான் புத்தகத்தின் கொடூரமான அழகு.

மிகச் சிறந்தது சில்க்லிங் என்ற இனத்து எதிரியோடு நடக்கும் சண்டை. ஆறு கை, ஆறிலும் ஆயுதம். எதிரே மூன்று பெண்கள்: மியா, தேர்ச்சோடியில் அம்பெய்யும் பிரின், நீண்ட சடைமுடிப் போர்ப்பெண் பிளேட்சிங்கர். இந்தக் காட்சியை வாசிக்கும்போது கவனியுங்கள்: ஆசிரியர் முதலில் தூரத்தைச் சொல்கிறார், பிறகு யார் எந்தப் பக்கம் என்று சொல்கிறார், அதற்குப் பிறகுதான் முதல் வெட்டு. ஆறு கையில் எந்தக் கை எங்கே நிற்கிறது என்பது கடைசிவரை குழம்புவதில்லை. ஒரு தாளில் மூன்று புள்ளியும் ஒரு வட்டமும் போட்டுக்கொண்டு வாசித்தால் வரிக்கு வரி நகர்த்தலாம். கூத்திலே வட்டக் களரியில் இரண்டு அரசர் பொருதும்போது அண்ணாவியார் மத்தளத்தில் தாளத்தை மாற்றுவார். தாளம் மாறிய இடத்தில் ஆட்டம் மாறும். இந்த அத்தியாயத்தின் வாக்கியங்களும் அப்படித்தான். நீளமான வாக்கியம் குறுகிக் குறுகி, ஒரு கட்டத்தில் ஒற்றைச் சொல்லாக உடைகிறது. வென்றவர்களும் முழுதாக வெளியே வருவதில்லை. அந்தக் காயத்தை அடுத்த அத்தியாயத்தில் ஆசிரியர் மறந்துவிடுவதும் இல்லை.

ஆனால் இந்தப் புத்தகம் நிற்பது சண்டையில் இல்லை, கூடத்தில். களத்துக்கு வெளியே ஒரே பானையில் சாப்பிட்டு, ஒரே நிலவறையில் படுத்து, ஒருவர் காயத்துக்கு மற்றவர் துணி கட்டும் ஆட்கள். சிடோனியஸ் என்ற முன்னாள் படைவீரனின் மார்பில் ‘கோழை’ என்று சுட்டு எழுதியிருக்கிறது. முதலில் அவன் வாய்த்துடுக்கான ஒரு முரடனாகத்தான் தெரிகிறான். அந்த ஒரு சொல் எப்படி அவன் மார்பில் ஏறியது என்பது மெதுமெதுவாக வெளிவரும்போது, அந்தக் கூடத்தில் மிக நிமிர்ந்த மனிதன் அவன்தான் என்று விளங்குகிறது. பிரினும் பயர்னும் தேரில் ஒன்றாக ஏறும் உடன்பிறப்புகள். பாட்டும் நாடகமும் தெரிந்த வேவ்வேக்கர், முன்னாள் கடற்கொள்ளையன் புச்சர், புண்ணாற்றும் சின்னப் பெட்டை மாகட். பயிற்சி கொடுக்கும் ஆர்கடீஸ் களத்தில் பெயர் எடுத்த பழைய வீரர்; அவருடைய கண்டிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது தனிக் கதை. கூடத்தின் முதல் வீரன் ஃபூரியன் அருகே வந்தாலே மியாவின் நிழல் நடுங்குகிறது. ஏன் என்று ஊகிக்கலாம், ஊகித்த பிறகும் விறுவிறுப்புக் குறையாது.

இவர்கள் எல்லோரையும் வாசகருக்கு நெருக்கமாக்கிவிட்டு, ஆசிரியர் போட்டியின் விதியை நினைவூட்டுகிறார். மாக்னியின் கடைசிச் சுற்றில் மிஞ்சி நிற்பது ஒருவர் மட்டும். கன்சலின் கையெட்டும் தூரத்துக்குப் போக வேண்டுமென்றால் மியா அந்த ஒருவராக இருக்க வேண்டும். அப்படியென்றால் தன்னோடு உண்டு உறங்கியவர்கள் என்ன ஆவார்கள்?

வஞ்சின மாலையில் கண்ணகி தீக்கடவுளுக்குக் கட்டளை இடும்போது, யாரைத் தொடக்கூடாது என்று பெயர் பெயராகச் சொல்கிறாள்: பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள். தீயவரை மட்டும் சேரச் சொல்கிறாள். ஊரையே எரிக்கும் கோபத்திலும் ஒரு விலக்குப் பட்டியல் இருக்கிறது. மியாவுக்கு அந்த வசதி இல்லை. அவள் மூட்டும் நெருப்புக்கு ஆள் பார்த்து எரியத் தெரியாது. பழி வேண்டுமா, தோழர் வேண்டுமா என்ற கேள்வியை இந்தப் புத்தகம் வசனமாகப் பேசுவதில்லை; ஒவ்வொரு போட்டி நாளிலும் பெயர்களை வாசித்துச் சோடி பிரிக்கும்போது கேட்கிறது. பழிக்கதை எழுத நினைப்பவர்கள் படிக்க வேண்டிய பாடம் இது. பழிவாங்குகிறவருக்கு வரும் காயத்தை வாசகர் தாங்கிக்கொள்வார். பக்கத்தில் நிற்பவருக்கு வரும் காயந்தான் வாசகரின் தொண்டையைப் பிடிக்கும்.

ஒரு சின்னப் பக்கக் கதை. களத்தில் மியாவுக்குக் கொடுக்கப்படும் பெயர் காகம். அவளுடைய குடும்பச் சின்னம் அது. வன்னியில் காக்கை என்றவுடன் பண்டாரவன்னியன் நாடகத்தின் காக்கை வன்னியன்தான் மனதில் வருவான், காட்டிக்கொடுத்தவனாக. 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த அரசனின் கதையைப் பாடமாகவும் மேடையாகவும் அறிந்த எவரும் இந்தப் பெயரை ஒரு சந்தேகத்தோடுதான் கேட்பார்கள். ஆசிரியருக்குத் தெரிய வாய்ப்பில்லாத பொருத்தம், ஆனால் கதைக்குச் சேர்கிறது. கூடத்துத் தோழர்கள் நம்பும் இந்தக் காகமும் தன் உண்மைப் பெயரையும் நோக்கத்தையும் அவர்களிடம் மறைத்துக்கொண்டுதான் அவர்களோடு சாப்பிடுகிறது.

குறைகள். வசனத்தில் நையாண்டி அதிகம். எல்லாப் பாத்திரமும் ஏறக்குறைய ஒரே மாதிரிக் குத்திப் பேசுகின்றன. பூனையும் ஓநாயும் சண்டை பிடிக்கும் இடங்கள் முதல் சில தடவை நன்றாக இருக்கும், பிறகு ஒரே மெட்டு. உவமை மேல் உவமை அடுக்கும் பழக்கம் ஆசிரியருக்கு இருக்கிறது. ஆங்கிலத்தில் உயர்தரம் வரை படித்தவருக்கும் ஒரு சில பத்தி இரண்டு தரம் வாசிக்க வேண்டி வரும். அப்படி இடறினால் நின்று மொழிபெயர்க்க வேண்டாம், அடுத்த உரையாடலுக்குப் போனால் விடயம் தானே விளங்கும். காதல் இழை எனக்கு அவசரமாகப் பட்டது. பகையிலிருந்து நெருக்கத்துக்குப் போகும் தூரத்துக்கு இன்னும் நாற்பது பக்கமாவது கொடுத்திருக்க வேண்டும்.

இவற்றைவிடப் பாரமான குறை ஒன்று. மியா தானாகத் தன்னை விற்றுக்கொண்டு வந்தவள். மற்றவர்கள் பிடிபட்டு, அடிபட்டு வந்தவர்கள். அடிமை முறையின் கொடுமையை அந்த வேறுபாட்டோடு எழுதுவதற்கு ஆசிரியர் முயல்கிறார், சிடோனியஸின் வாயால் சில இடத்தில் சரியாகவே சொல்கிறார். ஆனாலும் கதை திரும்பத் திரும்ப மியாவின் திட்டத்துக்கே ஓடிவிடுகிறது. கூடத்தில் இருக்கும் ஒருவரின் பார்வையில் இரண்டு அத்தியாயம் எழுதியிருந்தால் புத்தகம் இன்னும் ஒரு படி ஏறியிருக்கும்.

வயது விடயம் தெளிவாகச் சொல்ல வேண்டும். நாயகி இளம்பெண், மட்டை கவர்ச்சியானது, இதே ஆசிரியர் பதின்ம வயதினருக்கும் எழுதியிருக்கிறார். இவற்றைப் பார்த்துப் பாடசாலை நூலகத்துக்கு வாங்கிவிடாதீர்கள். பாலுறவுக் காட்சிகள் மறைவில்லாமல் எழுதப்பட்டவை, வசைச் சொல் ஏராளம், கொலை விவரம் மிக நெருக்கமானது. பதினெட்டு வயதுக்குக் கீழே கொடுக்க வேண்டாம்.

இன்னொன்றும் இங்கே இருக்கிறவர்களுக்காக. மனிதர்களைக் கூண்டு வண்டியில் ஏற்றுவதும், வரிசையில் நிறுத்தித் தலை எண்ணுவதும், யார் எங்கே அனுப்பப்படுவார் என்று தெரியாமல் இருப்பதும், குடும்பத்தில் காணாமற்போனவருக்காகக் காத்திருப்பதும் இந்தப் புத்தகத்தில் அடிக்கடி வருகின்றன. வேறு ஊரில் வாசிப்பவருக்கு அவை கதை. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இருக்கும் ஒருவருக்கு அவை வேறு விதமாகப் போய்த் தைக்கலாம். அடிமைச் சந்தை தொடக்கத்திலேயே வருகிறது. அது தாங்க முடியாமல் இருந்தால் மூடிவிடுவதில் பிழையில்லை. யாருக்காவது அன்பளிப்பாகக் கொடுப்பதானால் இதை முதலில் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

வாங்கும் வழி. ஆங்கில மிகைபுனைவு நூல்களை வன்னிக் கடைகளில் தேடி அலைவதைவிட, கொழும்பில் விஜித யாப்பா, சரசவி போன்ற பெரிய கடைகளுக்குத் தொலைபேசி எடுத்து மூன்று பாகமும் இருக்கிறதா என்று கேட்பது நேரத்தை மிச்சம் பிடிக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் மட்டும் இருந்து முதலாவது இல்லாமல் போவது தொடர்நூல்களில் வழமை. முதலாவதை உறுதிப்படுத்தாமல் மற்றவற்றுக்குக் காசு கட்ட வேண்டாம். பிரித்தானியப் பதிப்பையும் அமெரிக்கப் பதிப்பையும் கலந்து வாங்கினால் அளவும் முதுகு வடிவமும் பொருந்தாது; அடுக்கில் வைத்துப் பார்க்க விரும்புகிறவர்கள் ஒரே பதிப்பகம்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய புத்தகமாக வாங்கினால் முன்பக்க வரைபடங்கள் கிழிபடாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். தலைநகரம் செத்து விழுந்த ஒரு கடவுளின் எலும்புக்கூட்டுக்குள் கட்டப்பட்டது. விலா எலும்பு எங்கே, முதுகெலும்பு எங்கே என்று படத்தில் பார்க்காமல் கடைசி அத்தியாயங்களின் ஓட்டம் பிடிபடாது.

தடித்த மென்மட்டைப் புத்தகம் இது. வன்னி வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வைத்தால் முதுகுப் பசை இளகி, நடுப் பக்கம் கழன்று வரும். மாரி தொடங்கினால் தாள் ஈரம் குடித்து அலை எழும்பும். பழைய பத்திரிகையில் சுற்றி, சுவரில் ஒட்டாமல் அலுமாரியின் மேல்தட்டில் வைத்தால் கறையான் எட்டுவதும் குறையும்.

கடைசிப் பகுதியைப் பற்றி ஒன்றே ஒன்று. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் கதையில் மதுரை எரித்து வந்தவள் கிழவியாக நந்திக்கடலோரம் மாட்டுக்காரப் பெடியளிடம் வந்து சேர்கிறாள். அவர்கள் புக்கை பொங்கிக் கொடுக்கிறார்கள், எண்ணெய் இல்லாத விளக்குக் கடல்நீரில் எரிகிறது. எரித்த பிறகு எங்கே போவது என்பதற்கும் நம்மிடம் ஒரு கதை இருக்கிறது. ‘காட்ஸ்கிரேவ்’ அந்த இடத்துக்கு வருவதில்லை. கத்தி இறங்கும் கணத்தில், அதுவரை நம்பிய எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிட்டு, பெரிய கேள்வி ஒன்றின் நடுவில் கதவைச் சாத்துகிறது. ஆகவே கடைசி நூறு பக்கத்தைத் தொடங்குவதற்கு முன் ‘டார்க்டான்’ கைக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். பார்சல் இன்னும் வரவில்லையென்றால், அடையாளத்துக்கு ஒரு பனையோலைத் துண்டை வைத்துப் புத்தகத்தை மூடிவிட்டு, வரும்வரை பொறுத்திருங்கள்.